அவசர அறுவைச் சிகிச்சை அணி

விபத்துக் காயம், வெடித்த குடல்வால், அடைபட்ட குடல், வயிற்றுக்குள் இரத்தக்கசிவு ஆகியவற்றை மட்டும் கவனிக்க இரவு பகலாக மருத்துவமனையிலேயே இருக்கும் குழு. முன்பே தேதி குறித்த ஹெர்னியா, பித்தப்பை ஆபரேஷன்கள் டூட்டி நாளில் இந்தக் குழுவுக்குக் கிடையாது. ஒரு சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் நர்ஸ், இவர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மேஜை. அடிப்படை அவ்வளவுதான்.

பழைய ஏற்பாட்டில் டூட்டி சர்ஜன் ஓபியையும் பார்க்க வேண்டும், பட்டியல் ஆபரேஷன்களையும் முடிக்க வேண்டும்; கேஷுவல்டியிலிருந்து அழைப்பு வந்தால் அங்கேயும் ஓட வேண்டும். வயிற்று வலியோடு மதியம் வந்தவருக்கு நள்ளிரவில்தான் மேஜை காலியாகும். அதற்குள் குடல்வால் வெடித்துவிட்டால், இரண்டு நாளில் வீடு திரும்ப வேண்டியவர் வாரக்கணக்கில் படுக்கையைப் பிடித்துக்கொள்வார்.

காயங்களுக்கென்றே தனி மருத்துவமனை 1941-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் சர்ஜன் ஆடம்ஸ் கௌலி, அடிபட்டவரின் முதல் ஒரு மணி நேரத்தைப் ‘பொன்னான நேரம்’ என்று சொல்லி உலகத்தையே அப்படிப் பேச வைத்தார். கலிஃபோர்னியாவில் 1979-இல் வெளியான ஓர் ஒப்பீடுதான் பலரை உலுக்கியது. ஆரஞ்ச் கவுன்டியில் அடிபட்டவர்களை அருகிலிருந்த ஏதோவொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் எல்லோரும் ஒரே விபத்துச் சிகிச்சை மையத்துக்குப் போனார்கள். தலைக்காயம் அல்லாத மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டை ஆரஞ்ச் கவுன்டியில் தடுத்திருக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் தடுத்திருக்கக்கூடிய மரணம் ஒன்றே ஒன்று.

விபத்தோடு மற்ற அவசர அறுவைகளையும் சேர்த்துக் கவனிக்கும் அணியை 2005-இல் சிட்னியின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனை அமைத்தது. அடுத்த ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் தங்கள் குடல்வால் கணக்கை வெளியிட்டார்கள். தனி அணி வந்தபின், நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஆபரேஷன் வரையிலான நேரம் 14 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரமாகக் குறைந்தது. குடல்வால் வெடித்தவர்களின் பங்கு 23 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கியது. மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைந்தன. டாக்டர்களின் கைத்திறன் கூடவில்லை, காத்திருப்புதான் குறைந்தது.

மும்பைத் தமிழர்களுக்கு இந்த வரலாறு சயான் ஆஸ்பத்திரியில் வந்து நிற்கிறது. 1947-இல் 50 படுக்கைகளோடு ராணுவக் கொட்டகையில் தொடங்கிய லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனைதான் அது. தாராவி பக்கத்திலேயே, மாட்டுங்கா, செம்பூர் கூப்பிடு தூரத்தில். மத்திய ரயில்வே தண்டவாளமும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையும் அருகிலேயே இருப்பதால் ரயிலிலிருந்து விழுந்தவர்களும் லாரியில் அடிபட்டவர்களும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். 2006 ஜூலை 11 ரயில் குண்டுவெடிப்பில் காயமடைந்தவர்கள் பலரும் இங்கே வந்தார்கள். மும்பை, டெல்லி, கொல்கத்தா நகரங்களின் பெரிய பொது மருத்துவமனைகளில் 2013 முதல் நடந்த விபத்துப் பதிவேட்டிலும் சயான் இடம்பெற்றது. அங்கெல்லாம் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். மனத்தைப் பிசையும் கணக்கு அது.

தமிழ்நாட்டில் ‘தாய்’ திட்டம் அரசு மருத்துவமனை வாசலிலேயே நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறது. சிவப்புக்கு வரிசையே கிடையாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஒரு வரம்பு வரை ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையும் முன்பணம் கேட்டு நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

மும்பையை அடுத்த கல்யாணில் நிலைமை வேறு. அங்கே தண்டவாளத்தில் ஒருவர் அடிபட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ எழுதுகிறார். ஹமால்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்குகிறார்கள், ரயில்வே போலீஸ் கூடவே போகிறது. முதல் நிறுத்தம் மாநகராட்சியின் ருக்மணிபாய் மருத்துவமனை. மண்டையிலோ வயிற்றுக்குள்ளோ பெரிய காயம் என்றால் அடுத்த ஆம்புலன்ஸ் கல்வா மருத்துவமனைக்கு, இல்லையென்றால் சயானுக்கு. கல்யாணிலிருந்து சயான் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.