மைக்செட் அண்ணனும் டிஜேவும்

விடிய விடிய பாட்டுப் போட்டு ஆட வைக்கும் டிஜே, மேல்நாட்டுச் சமாச்சாரம் என்றுதான் நினைக்கிறோம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கில் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் தன் தங்கையின் பார்ட்டியில் ரெக்கார்டு போட்டார். அதைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள்.

இங்கே திண்டுக்கல் - வத்தலக்குண்டு சாலையில் செம்பட்டிப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் அந்த வேலையைச் செய்தவர் மைக்செட்காரர். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அடுத்து எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, உடனே சிலருக்குச் சாமி வந்துவிடும். நடுராத்திரியில் கூட்டம் தூங்கி வழிந்தால் 1984ல் வந்த 'விதி' படத்தின் வசன கேசட். கூட்டத்தின் முகம் பார்த்து அடுத்த பாட்டை எடுப்பதுதானே டிஜேவின் வித்தை!

அந்த இரவுகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கதறல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போனது. 1998 ஜனவரியில் இந்தச் செய்தி வெளிவர, உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்திருந்தாள். 2000ல் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாட்கள் வரை மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு அனுமதிக்கலாம். 2005 ஜூலை தீர்ப்பு இந்தத் தடையை உறுதி செய்தது.

விடிய விடியப் பாட்டு போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு கதறல் கேட்காமல் போகும் அளவுக்கு எந்தத் திருவிழாவும் பெரிசில்லை. நியூயார்க் பார்ட்டிக்குத் தேதி இருக்கிறது, நம் மைக்செட் அண்ணன்களுக்குப் பெயர்கூட எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் உட்கார்ந்து பேசி, எழுதி வையுங்களேன்.