கமிலியன் சபை

கமிலியன் சபை என்பது நோயாளர்களைப் பேணுவதற்கென்றே தொடங்கப்பட்ட கத்தோலிக்கத் துறவற சபையாகும். 'நோயாளர்களின் பணியாளர்கள்' என்பது இதன் முறையான பெயர். இதை நிறுவியவர் இத்தாலியரான புனித கமிலஸ் தெ லெல்லிஸ் (1550–1614).

கமிலஸ் முதலில் போர்வீரர். சூதாட்டத்தில் உடைமைகளை இழந்தவர். காலில் ஏற்பட்ட ஆறாத புண்ணுக்காக உரோமையின் புனித யாக்கோபு மருத்துவமனையில் சேர்ந்து, பின்னர் அங்கேயே பணியாளரானார். கூலிக்கு வேலை செய்தோர் நோயாளர்களைச் சரிவரக் கவனிக்காததைக் கண்டு, அன்பினால் பணிபுரியும் குழு ஒன்றை 1582இல் தொடங்கினார். 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் இதற்கு ஒப்புதல் அளித்து, உடையில் செஞ்சிலுவை அணியவும் அனுமதித்தார். செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது 1863இல்தான்.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகள் துறவியர்க்குப் பொதுவானவை. கமிலியன் துறவியர் நான்காவதாக ஒன்றையும் எடுக்கின்றனர்: தம் உயிருக்கு ஆபத்து நேரினும் நோயாளர்க்குப் பணிபுரிவது. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கொள்ளைநோய் காரணமாகக் கரையிறங்க விடாமல் நிறுத்தப்பட்ட கப்பல்களில் ஏறி இவர்கள் பணிபுரிந்தனர். அப்பணியில் இருவர் உயிரிழந்தனர்.

கமிலஸ் 1746இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1886இல் நோயாளர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலர் ஆனார்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சபை இந்தியாவுக்கு வந்தது. தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சென்றடையும் பெங்களூருவில், எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கான 'சிநேகதான்' இல்லத்தை இச்சபையினர் நடத்தி வருகின்றனர். உறவினரும் தொட அஞ்சிய நோயாளர்களுக்கு இங்கு மருந்தும் உணவும் இறுதிக்காலப் பராமரிப்பும் கிடைத்தன.