ஜன்னலைத் திறக்காதீர்கள்: என் பழைய பாடம் ஒன்றுக்குப் பிழைதிருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவர்கள், அதிலும் இப்போது டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் குடியிருப்பவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

2019 அக்டோபர் 21, திங்கட்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். டாலஸில் இருக்கும் மகளிடமிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. அங்கே ஞாயிறு இரவு ஒன்பது மணி. "அப்பா, சைரன் ஊதுது. டொர்னாடோ வருதாம். துணிமணி வைக்கிற உள் அறைக்குள்ள உட்கார்ந்திருக்கோம்" என்றாள். பின்னால் பேரன் அழும் சத்தம். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி அவள் குரலைக் கேட்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் என் மனைவி அடுப்பை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அன்று வட டாலஸைக் கிழித்துக்கொண்டு போன சுழலின் வலிமை, 0 முதல் 5 வரை உள்ள அளவுகோலில் 3. பள்ளிக்கூடங்கள், கடைகள், வீடுகள் சிதைந்தன. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் மகள் சாவகாசமாகப் பேசும்போது ஒன்று சொன்னாள். "சைரன் கேட்டதும் நான் முதல்ல ஓடினது ஜன்னலைத் திறக்கத்தான்ப்பா. நீங்கதானே வகுப்புல சொல்லிக் கொடுத்தீங்க? அவர்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார்." அவள் திறக்கப் போன ஜன்னலின் கண்ணாடி உடைந்து அறை முழுக்கச் சிதறிக் கிடந்ததாம்.

உண்மைதான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, பல வருடம். "சுழலின் நடுவே காற்றழுத்தம் மிகக் குறைவு. வீட்டுக்குள்ளே அழுத்தம் அதிகம். ஜன்னலை மூடி வைத்தால் வீடு பலூன் மாதிரி வெடித்துவிடும். ஆகவே திறந்து வை." கரும்பலகையில் வீடு வரைந்து, அம்புக்குறி போட்டு நடத்துவேன். பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் படித்தது. சரியா என்று ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் டொர்னாடோ வரப்போகிறதா என்ன என்ற அலட்சியம். பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் போவார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு நேரத்துக்கு என்ன குறை? அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு சொல் குழப்பம். நம் பத்திரிகைகள் புயலையும் சூறாவளி என்கின்றன, டொர்னாடோவையும் சூறாவளி என்கின்றன. கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில், நாள்கணக்கில் நகர்ந்து வருவது புயல். இடிமேகத்திலிருந்து தும்பிக்கை மாதிரி தரைக்கு இறங்கி, சில நிமிடங்களில் ஒரு தெருவைத் துடைத்துவிட்டு அடுத்த தெருவைத் தொடாமலே போகிறது டொர்னாடோ. நம் நாட்டுக்கு வராதது இல்லை. 1978 மார்ச் 17-ல் டெல்லியின் வடபகுதியில் ஒன்று அடித்து 28 பேர் இறந்தார்கள். 1989 ஏப்ரல் 26-ல் வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் அடித்ததில் ஏறத்தாழ 1,300 பேர் போனார்கள். உலகத்திலேயே அதிக உயிரைக் குடித்த டொர்னாடோ என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதைப் பற்றிய அறிவு எளிதில் வந்துவிடவில்லை. ஜான் பின்லி என்ற ராணுவ வானிலையாளர் 1880-களில் டொர்னாடோக்களைப் பற்றி ஊர் ஊராகத் தகவல் சேகரித்து, முன்னறிவிக்கவும் முயன்றார். ஆனால் மக்கள் பீதி அடைவார்கள் என்று மேலிடம் அந்தச் சொல்லையே அறிவிப்புகளில் பயன்படுத்தக் கூடாது என்றது. அந்தத் தடை 1938 வரை நீடித்தது! 1948 மார்ச் 20-ல் ஓக்லஹோமாவில் ஒரு விமானப்படைத் தளத்தை டொர்னாடோ தாக்கியது. அங்கிருந்த பாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் அன்றைய வானிலை வரைபடங்களை அலசினார்கள். ஐந்தே நாளில் அதே மாதிரி வரைபடம் மறுபடி தென்பட, துணிந்து எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று மாலையே அதே தளத்தில் இன்னொரு டொர்னாடோ இறங்கியது. இன்றைய சைரன்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

எச்சரிக்கை வந்துவிட்டது, சரி. வீட்டுக்குள் எங்கே ஒளிவது? வீட்டின் தென்மேற்கு மூலைக்குப் போ என்று பின்லி எழுதி வைத்திருந்தார். சுழல் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், இடிபாடுகள் எதிர்ப்பக்கம்தான் விழும் என்பது கணக்கு. மூன்று தலைமுறை அதை நம்பியது. 1966 ஜூன் 8-ல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரை டொர்னாடோ தாக்கியபோது, ஈகிள்மன் என்ற பேராசிரியர் இடிந்த வீடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தென்மேற்கு மூலைதான் மிக ஆபத்தான இடமாக இருந்தது. காகிதத்தில் போட்ட கணக்கை இடிபாடு பொய்யாக்கிவிட்டது.

ஜன்னல் கதையைத் தீர்த்தது 1970 மே 11. டெக்சாஸில் லபக் என்ற ஊரில் 26 பேர் இறந்தார்கள். அந்த ஊர் பல்கலைக்கழகத்திலேயே கட்டடப் பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கிஷோர் மேத்தா, இந்தியாவிலிருந்து போனவர். (இதைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.) அழுத்த வேறுபாட்டால் வீடுகள் வெடிப்பதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். எந்த வீட்டிலும் உள்காற்று வெளியேறப் போதுமான சந்து பொந்துகள் உண்டு. வீட்டைக் குலைப்பது காற்றின் வேகம்தான். கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்று வரும் பக்கத்தில் ஜன்னல் திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து கூரையைத் தூக்குகிறது. கூரை போனால் சுவர் சாய்கிறது. ஆக, நான் வரைந்த அம்புக்குறி வீட்டைக் காப்பாற்றவில்லை, கூரையைக் கழற்றிக் கொடுத்தது. அதே குழுவில் இருந்த கீஸ்லிங் இன்னொன்றைக் கவனித்தார்: எல்லாம் தரைமட்டமான வீட்டிலும் நடுவில் ஒரு சின்ன அறை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அங்கே வீடுகளுக்குள் பாதுகாப்பறை கட்டும் வழக்கம் அதிலிருந்து வந்தது.

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு எங்கள் ஆச்சி நினைவுதான் வந்தது. ராஜபாளையத்தில் ஆச்சி வீடு ஓட்டு வீடு. ஆடி பிறந்து மலையிலிருந்து காற்று இறங்கினால், "மேற்க உள்ள கதவைச் சாத்துலே, ஓடு எந்திரிச்சுரும்" என்று கத்துவாள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள். லபக் பேராசிரியர்கள் ஆய்வில் கண்டது அவளுக்கு ஓட்டுச் சத்தத்திலேயே தெரிந்திருந்தது. அவள் பேரன் பட்டப்படிப்பு படித்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னான்.

ஆனால் வீட்டுக்குள் இரு என்பதும் எல்லாக் காற்றுக்கும் பொருந்தாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை மறக்க முடியுமா? அன்று ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தனுஷ்கோடி மூன்றும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். நம் பக்கம் பிரிந்து தனி மாவட்டமானது 1985-ல்தான். எனக்கு அப்போது எட்டு வயது. டீக்கடையில் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, பெரியவர்கள் தலையில் துண்டோடு நின்று கேட்டது நினைவிருக்கிறது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டோரில் யாரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடியில் உயிரை எடுத்தது முக்கியமாகக் கடல்நீர். தண்ணீர் ஏறி வரும் இடத்தில் எந்த உள் அறையும் காக்காது, முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும். ராமேஸ்வரத்தில் கோயிலுக்குள் போனவர்கள் பிழைத்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறும் முன்பே 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு அழைத்துப் போனதும் இதனால்தான். புயலில் இன்னொரு கண்ணியும் உண்டு. அதன் கண் மேலே வரும்போது காற்று சட்டென்று நின்றுபோகும். ஓய்ந்தது என்று வெளியே வந்தால், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

டெக்சாஸ் பிள்ளைகளே, இனி உங்களுக்கு. அந்தப் பக்கத்துக் களிமண்ணில் பெரும்பாலும் நிலவறை கட்டுவதில்லை என்று மகள் சொல்கிறாள். அப்படியானால் கீழ்த்தளத்தில், வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத சின்ன அறை. குளியலறையோ துணி அறையோ போதும். ஜன்னல்களை அப்படியே விட்டுவிட்டு அங்கே போங்கள். மெத்தையை மேலே போர்த்திக்கொள்ளுங்கள், தலைக்கு ஹெல்மெட், காலில் செருப்பு இல்லை, ஷூ. பிறகு நடக்கப்போவது கண்ணாடித் துண்டுகள் மேல். காரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். 2015 டிசம்பர் 26 இரவு டாலஸை ஒட்டிய கார்லண்டில் இறந்தவர்களில் பெரும்பாலோர் சாலையில் காருக்குள் இருந்தவர்கள். மேம்பாலத்துக்கு அடியிலும் ஒதுங்காதீர்கள், அங்கே காற்று இன்னும் நெருக்கி அடிக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்கு டொர்னாடோ பயம் வேண்டாம். ஆனால் இப்போது வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோமே, கோடைமழைக்கு முன் வருகிற சூறைக்காற்றுக்கு அது பறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தலைதான் இலக்கு. நான் போன மாதம் ஏறிப் பார்த்தேன். மேற்குப் பக்கம் நான்கு போல்ட் துருப்பிடித்துக் கையோடு வந்தது. மாற்றியாயிற்று.

இனி அந்தப் பிழை. என் வகுப்பில் உட்கார்ந்திருந்த எல்லோரும் இந்தக் குழுவில் இல்லை. யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இதை அனுப்புங்கள். பழைய நோட்டு யாராவது பத்திரமாக வைத்திருந்தால், வீடு வரைந்த அந்தப் பக்கத்தில் 'ஜன்னலைத் திறந்து வை' என்ற வரியை அடித்துவிடுங்கள். சிவப்பு மையிலேயே அடிக்கலாம், வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.