'நே' என்னும் ஓரெழுத்து

நாற்பதைக் கடந்தபின் புதிய மொழி கற்கத் தொடங்குபவன் முதலில் இழப்பது தன் கர்வத்தைத்தான். தமிழிலக்கணத்தைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் நான், மாலைநேர இந்தி வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதமே அதை இழந்தேன். 'நான் ரொட்டி தின்றேன்' என்பதை 'மை ரோட்டீ காயா' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்தார். 'மைனே ரோட்டீ காயீ' என்பதே சரி.

விதி இதுதான். செயப்படுபொருள் குன்றா வினை இறந்தகாலத்தில் வருகையில் எழுவாயோடு 'நே' சேரும். வினைமுற்று எழுவாயைக் கைவிட்டு, பொதுவாகச் செயப்படுபொருளின் பாலையும் எண்ணையும் ஏற்கும். ரொட்டி இந்தியில் பெண்பால்; எனவே தின்றவன் ஆணாயினும் வினை பெண்பாலே. வினைமுற்று எழுவாயோடு இயையும் என்று பழகிய தமிழ் மனம் இங்கே இடறாமல் இராது.

ஆனால் நான் வெறுமனே இடறவில்லை. அந்த வாக்கியம் திருவல்லிக்கேணிக் கடைக்காரர் ஒருவரிடம் நான் பேசிப் பழகியது. தக்கினி உருது அவருடைய தாய்மொழி. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "எங்க வீட்டுல அப்படித்தான் சார் பேசுவோம். வடக்கே போனா சிரிப்பாங்க. எங்களுது கொஞ்சம் தப்பு பாஷை."

'தப்பு பாஷை' என்ற அச்சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் பின்னணியைத் தேடியபோது, இதே சென்னையில் இம்மொழியைக் கற்ற ஓர் அயலாரிடம் வந்து சேர்ந்தேன்.

பெஞ்சமின் ஷுல்ட்சே ஜெர்மானியப் பாதிரியார். 1719இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1728இல் சென்னையில் பணியைத் தொடங்கினார். தமிழும் தெலுங்கும் கற்றவர், அக்காலத்தில் இந்துஸ்தானி எனப்பட்ட மொழியையும் பயின்று, லத்தீனில் அதற்கு இலக்கணம் எழுதினார். 1745இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அது அச்சேறியது. இன்றைய இந்தி, உருது இரண்டின் இலக்கண வரலாற்றிலும் தொடக்க நூல்களுள் ஒன்று அது.

இந்திய மொழிகளை அளவீடு செய்த கிரியர்சன், 1916இல் வெளிவந்த தம் தொகுதியில் இந்நூலின் குறைகளைச் சுட்டுகிறார். நாமடி ஒலிகளை ஷுல்ட்சே பிரித்தறியவில்லை; மூச்சொலிகளை ஒலிபெயர்ப்பில் காட்டவில்லை; இறந்தகாலத்தில் 'நே' வருவதையும் அறியவில்லை.

முதலிரண்டும் தொடக்க மாணவனின் குறைகளே. மூச்சொலியில் நாமும் அவருக்கு உறவினர்தாம். இந்தியில் உணவுக்கும் பாட்டுக்கும் வெவ்வேறு ககரங்கள். தமிழில் எழுதினால் இரண்டும் 'கானா'. நம் இந்திப் பாடநூல்கள் எழுத்தின்மேல் எண்களையிட்டுத்தான் சமாளிக்கின்றன.

மூன்றாவது குறை அப்படிப்பட்டதா? ஷுல்ட்சே வாழ்ந்தது தில்லியில் அல்ல, சென்னையில். இங்கே அவர் காதில் விழுந்திருக்கக்கூடியது தக்கினி. அதன் பேச்சில் 'நே' பெரும்பாலும் வராது. வினை எழுவாயோடே இயையும். தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றோடு நூற்றாண்டுகள் கலந்து வாழ்ந்ததன் விளைவு இது என்பர். ஆக, அவர் எழுதாமல் விட்டது அறியாமையாலா, கேளாததாலா? இரண்டாவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல இயலாதுதான். ஆனால் தில்லி வழக்கை அளவுகோலாகக் கொண்டு படிப்பவருக்கு இந்த ஐயமே எழாது.

அந்த அளவுகோல்தான் தக்கினியை வழுவாக்கியது. கோல்கொண்டாவில் வஜ்ஹீ 'ஸப்ரஸ்' என்னும் தக்கினி உரைநடை நூலை எழுதியது 1635இல். நவீன இந்தி உரைநடையின் முன்னோடியாகப் பேசப்படும் லல்லூலாலின் 'பிரேம்சாகர்', கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக எழுதப்பட்டு 1810இல் முழுமையாக அச்சானது. இடையே ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள். மூத்ததன் வழக்கை இளையதன் இலக்கணம் திருத்துகிறது. வழக்கும் செய்யுளும் நாடி இலக்கணம் செய்த மரபில் வந்தவர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்த தேர்வில் 'நே' சேர்த்தே எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. தேர்வின் மொழிக்கு அது நியாயம்தான். கடைக்காரரிடம் ஷுல்ட்சேயின் கதையைச் சொன்னேன். கல்லாவை மூடியபடி கேட்டார்: "அப்ப அந்தப் பாதிரியாரு எங்க ஆளுங்ககிட்டத்தான் கத்துக்கிட்டாரா சார்?"

"அப்படித்தான் நினைக்கிறேன் பாய்" என்றேன்.