தூதர் மூட்டையில் வந்த வேர்

பினாங்கின் எந்தப் பழைய சீன மருந்துக்கடையிலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். மற்ற வேர்களும் பட்டைகளும் இழுப்பறைகளில் கிடக்க, கொரியச் சிவப்பு ஜின்செங் மட்டும் தகரப் பெட்டிக்குள் அங்கே உட்கார்ந்திருக்கும். அதில் மூன்று தரம்: வானம், பூமி, நல்லது. பெட்டியில் ஓர் எண்ணும் உண்டு. 600 கிராமுக்கு எத்தனை வேர் என்பதே அது. எண் சிறுத்தால் வேர் பருத்திருக்கிறது என்று பொருள், விலையும் அதற்கேற்ப ஏறும். அந்த 600 கிராம் நம் சந்தைகளில் புழங்கிய காத்தி எடைதான். கொரியாவிலும் சீனாவிலும் தூதர்களின் மூட்டைகள் ஏறக்குறைய இதே எடையில்தான் நிறுக்கப்பட்டன.

கொரியாவின் ஜோசன் அரசு (1392-1910) சீனப் பேரரசருக்குத் திறை செலுத்தியது. சியோலில் புறப்படும் தூதுக்குழு யாலு ஆற்றங்கரையில் உய்ஜு என்ற ஊரைக் கடந்து, மஞ்சூரியாவைத் தாண்டி, பெருஞ்சுவரின் வாசல் வழியே பெய்ஜிங் போய்ச் சேர இரண்டு மாதம்வரை ஆகும். குதிரைக்காரர்களையும் சேர்த்தால் சில நூறு பேர். முன்னால் போகிற மூன்று பெரிய தூதர்கள் பேரரசர் முன் மண்டியிட்டு வணங்குவார்கள். நம் கதை பின்வரிசையில் நடக்கிறது, மொழிபெயர்ப்பாளர்களின் மூட்டைகளில்.

வழிச்செலவுக்குக் கையில் காசு கொடுப்பதற்குப் பதிலாக, அரசு அவர்களுக்கு ஒரு சலுகை தந்தது. ஆளுக்கு எட்டு மூட்டை ஜின்செங், மூட்டைக்குப் பத்து காத்தி, ஆக 80 காத்தி (சுமார் 48 கிலோ) கொண்டுபோய் விற்றுக்கொள்ளலாம். பின்னாளில் காட்டு வேர் அரிதானபோது அதற்கு ஈடாக 2,000 லியாங் எடை வெள்ளி கொண்டுபோகலாம் என்று மாற்றினார்கள். விற்ற பணத்தில் பட்டும் புத்தகமும் வாங்கித் திரும்பினார்கள். உயர்குடியில் பிறக்காத இந்த மொழிபெயர்ப்பாளர்களில் சிலர், வணங்கி நின்ற பிரபுக்களைவிடப் பணக்காரர்கள் ஆனார்கள். பணிந்தவன் நட்டப்பட்டான் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழருக்கு இது புதிதுமல்ல. 1077இல் குலோத்துங்கன் காலத்தில் சோழ நாட்டிலிருந்து 72 பேர் சீனாவின் சொங் அரசவைக்குப் போனார்கள். கண்ணாடியும் கற்பூரமும் காண்டாமிருகக் கொம்பும் கொடுத்து, 81,800 சரம் செப்புக்காசு வாங்கினார்கள். சீன ஆவணம் அதைத் திறை என்று எழுதிக்கொண்டது. சோழக் கணக்குப்பிள்ளை என்ன எழுதியிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

வேரின் வரலாற்றில் முரட்டுப் பகுதி பதினேழாம் நூற்றாண்டு. மஞ்சுக்கள், சீனப் பேரரசைப் பிடித்துச் சிங் வம்சமாக ஆள்வதற்கு முன், ஜின்செங் விற்றவர்கள். அப்போதைய மிங் சீனாவின் வணிகர்கள் வாங்காமல் இழுத்தடித்தால் ஈர வேர் அழுகிப்போகும், விலை தானே விழும். மஞ்சுக்களின் தலைவன் நூர்ஹாச்சி, வேரை வேகவைத்து உலர்த்தச் சொல்லி அந்தத் தந்திரத்தை முறியடித்தான் என்கிறது சிங் வம்சத்தின் சொந்த வரலாறு. அவன் மகன் ஹொங் தாய்ஜி 1637இல் ஜோசன் மன்னன் இஞ்சோவை மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை நிலத்தில் படும்படி வணங்க வைத்தான். அதற்குப் பிறகு எல்லைத் தாவாக்களில் முக்கியமானது ஜின்செங் திருட்டு. கொரிய ஏழைகள் இரவில் யாலுவைக் கடந்து மஞ்சூரியக் காடுகளில் வேர் தோண்டினார்கள். பிடிபட்டால் தலை போகும், ஆனாலும் போனார்கள். 1685இல் அப்படிப் போனவர்கள் சிங் அதிகாரிகள்மேல் சுட்டுவிட, பேரரசர் ஜோசன் மன்னருக்கே 20,000 லியாங் வெள்ளி அபராதம் போட்டார். 1712இல் பெக்டு மலையில் எல்லைக்கல் நட்டதற்குப் பின்னாலும் இந்த வேர்தோண்டிகளின் தொல்லை உண்டு.

காட்டில் வேர் அரிதானதும் வயல் வந்தது. கேசோங் நகர வணிகர்கள் பந்தல் நிழலில் ஜின்செங் பயிரிட்டு, ஆறு வருடம் காத்திருந்து, ஆவியில் வேகவைத்துச் சிவப்பாக்கினார்கள். வெந்து காய்ந்த வேர் பல வருடம் கெடாது. 1797இல் அரசு அதிகாரபூர்வ ஏற்றுமதிக்கு 120 காத்தி அனுமதித்தது. ஐம்பது வருடத்தில் அந்த அளவு 40,000 காத்தி ஆனது. உய்ஜு வணிகர் இம் சாங்-ஓக் பற்றி ஒரு கதை உண்டு. பெய்ஜிங் வணிகர்கள் ஒன்றுகூடி விலையை அடித்தபோது, அவர் சரக்கை முற்றத்தில் குவித்துத் தீ வைத்தாராம். பதறி ஓடிவந்து கேட்ட விலைக்கு வாங்கினார்களாம். எவ்வளவு உண்மையோ, கொரியர்கள் இதை நாவலாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் கொண்டாடுகிறார்கள்.

1882இல் சிங் அரசும் ஜோசனும் எழுதிக்கொண்ட வர்த்தக விதிகள் கொரியாவைச் சீனாவின் கீழ்நாடு என்று அச்சில் சொல்லின. பொதுச் சரக்குக்குச் சுங்கம் நூற்றுக்கு 5, சிவப்பு ஜின்செங்குக்கு மட்டும் 15. ஜப்பானிடம் சீனா தோற்ற பிறகு, 1899இல்தான் சீன, கொரியப் பேரரசர்கள் இருவரும் சமமாக நின்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்தச் சமத்துவம் ஆறே வருடம் நீடித்தது. 1905இல் கொரியாவின் வெளியுறவை ஜப்பான் எடுத்துக்கொண்டது. சிவப்பு ஜின்செங்கைச் சீனாவில் விற்கும் உரிமை மிட்சுய் கம்பெனிக்குப் போனது. நாடிழந்த கொரிய வியாபாரிகள் சிலர் வேரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர்வரை அலைந்தார்கள். வாங்க இங்கே ஆள் இருந்தது. 1879இல் பேராக்கின் கோப்பெங்கில் ஈயச்சுரங்கத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய யூ யான் சாங் போன்ற மருந்துக்கடைகள் மலாயா முழுக்கக் கிளை விட்டிருந்தன.

கொரியப் போரில் 1950 அக்டோபரில் சீனப் படை யாலுவைக் கடந்தது. 1951 ஜூலையில் போர்நிறுத்தப் பேச்சு தொடங்கிய இடம் அதே கேசோங். 1953 போர்நிறுத்தக் கோட்டுக்குப் பின் அந்த ஊர் வடக்கில் போய்விட, கேசோங் விவசாயிகள் தெற்கே காங்வா தீவில் பந்தல் போட்டார்கள். தென் கொரியாவும் மக்கள் சீனாவும் நாற்பது வருடம் ஒன்றை ஒன்று அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் சீனர் குடித்த சூப்பில் வேர் குறையவில்லை, ஹாங்காங் சந்தை இருந்தது. 1992 ஆகஸ்ட் 24 அன்று இரு நாடுகளும் தூதரக உறவு ஏற்படுத்தின. எட்டு வருடத்தில் பூண்டுக்காகச் சண்டை வந்தது. சீனப் பூண்டுக்குச் சியோல் 315 சதவீத வரி போட, பெய்ஜிங் கொரியக் கைப்பேசிகளை நிறுத்தியது. சில வாரங்களில் இறங்கிவந்தது சியோல்தான்.

இன்று ஜின்செங் அதிகம் விளைவது சீனாவின் ஜிலின் மாநிலத்தில், கொரியர்கள் திருட்டுத்தனமாகத் தோண்டிய அதே மலைத்தொடரில். பினாங்குக் கடைகளில் ஜிலின் வேர் மலிவு, கொரிய வேர் கௌரவம்.

இரு நாடுகளும் இங்கே வேரோடு நின்றுவிடவில்லை. மலேசியா தென் கொரியாவுடன் 1960இலும் சீனாவுடன் 1974இலும் உறவு கொண்டது. 1985இல் திறந்த முதல் பினாங்குப் பாலத்தைக் கட்டியது கொரியாவின் ஹூண்டாய். 2014இல் திறந்த இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர், சீனக் கடனில் சீனக் கம்பெனியின் பங்கோடு எழுந்தது. அது நிலப்பகுதியில் இறங்கும் இடம் பத்து காவான். தியோச்சூ சீன முதலாளிகள் கரும்புத் தோட்டம் போட்ட நிலம், பிறகு தமிழர் பால் மரம் வெட்டிய எஸ்டேட். இப்போது அங்கே தொழிற்பேட்டை. சில்லுகளுக்கான சுற்றுப்பலகை செய்யும் கொரியாவின் சிம்டெக் அங்கே ஆலை வைத்திருக்கிறது. சீனாவின் தொங்ஃபூ பெரும்பங்கு வைத்திருக்கும் டிஎஃப் ஏஎம்டியும் அதே பேட்டையில் இடம் பிடித்திருக்கிறது. நிலம் பினாங்கு வளர்ச்சிக் கழகத்துடையது. குத்தகைப் பத்திரத்தில் யாரும் யாருக்கும் கீழ்நாடு இல்லை.