நீர்மேல் ஒளி, நீர்க்கீழ் ஒளி

பழவேற்காட்டுத் துறையில் படகேறிப் பசியாவரத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்காலம், பகல் பதினொரு மணி. ஏரி அப்படியொன்றும் ஆழமானதல்ல. பல இடங்களில் ஆள் இறங்கி நடந்தே போகலாம். ஆயினும் படகிலிருந்து எட்டிப் பார்த்தால் அடித்தரை தெரிவதில்லை. வெள்ளித் தகட்டை விரித்தாற்போல் வானம்தான் தெரிகிறது. நெற்றியில் கையை வைத்து மறைத்துப் பார்க்கிறீர்கள். பயனில்லை, கூச்சம் மேலிருந்து வரவில்லை, கீழிருந்தல்லவா வருகிறது! இப்போது படகின் பலகையை ஒட்டினாற்போல் இருக்கும் நீரைக் குனிந்து பாருங்கள். அங்கே மட்டும் நீர் கதவு திறந்தது போல் மணலும் பாசியும் ஓடி மறையும் சிறு மீனும் தெரிகின்றன.

இந்தச் சிறு காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு இது தேவைப்படும்.

கரையேறியதும் ஒரு வீட்டுத் திண்ணையில் மாணவி ஒருத்தி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க முயல்வதாகக் கொள்வோம். (தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பரில் தொடங்கியது இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான்.) அவள் எதிரே இருப்பது பாடம், திரையில் அவள் காண்பதோ தன் முகம், பின்னால் கொடியில் உலரும் வேட்டி, அதற்கும் பின்னால் ஏரியும் வானமும். திரையின் ஒளியை முழுவதும் கூட்டுகிறாள். மின்கலம் விரைவில் தீர்கிறது, கண் வலிக்கிறது, எழுத்து மட்டும் தெளிவதாக இல்லை.

படகில் நீங்கள் பட்ட பாடும் திண்ணையில் அவள் படும் பாடும் ஒன்றே. இரண்டிடத்திலும் கண்ணுக்கு இரண்டு ஒளிகள் வருகின்றன. ஒன்று பரப்பின் மேல் பட்டுத் திரும்புவது. மற்றது பரப்பின் கீழிருந்து வருவது. நமக்கு வேண்டியது கீழிருந்து வருவது. மேலிருந்து திரும்புவது அதன்மீது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கண் இவ்விரண்டையும் கூட்டிப் பார்க்குமே அன்றிப் பிரித்துப் பார்க்க அதனால் இயலாது.

எவ்வளவு கூடுகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். கண்ணாடியை நேராகப் பார்த்தால் அதன் ஒரு பரப்பு, மேலே படும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. நான்குதானே என்று தள்ளிவிடாதீர்கள். சாதாரண மடிக்கணினித் திரையின் வெண்பகுதி சதுர மீட்டருக்குச் சுமார் 250 கேண்டலா பிரகாசம் உடையது. வெளிறிய பகல் வானம் 5,000 இருக்கலாம். அதில் 4 பங்கு என்றால் 200. ஆக வெண்பகுதி 450 ஆகிறது. கருமையாக இருக்கவேண்டிய எழுத்தோ 200 ஆகிவிடுகிறது. கறுப்பும் வெளுப்புமாய் இருக்கவேண்டியது சாம்பலும் வெளுப்புமாய்ப் போயிற்று. நண்பகல் வெயிலில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தச் சட்டையின் பிம்பம் திரையின் சொந்த ஒளியையே விஞ்சிவிடும்.

நீர் கண்ணாடியைவிடச் சற்றுத் தேவலை. நேர்கீழே பார்த்தால் 2 பங்குதான் திருப்புகிறது. ஆனால் பார்வை சாயச் சாய இது ஏறிக்கொண்டே போகும். நீர்மட்டத்துக்கு 10 பாகையில் பார்க்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளி திரும்பிவிடுகிறது. தொலைவில் ஏரி கண்ணைப் பறிப்பது இதனால்தான். இதே ஏரியில் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் கண்ணை நம்புவதே இல்லை. நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவிப் பிடித்து, பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். கூசும் ஒளிக்கு இதைவிட நேரான பதில் வேறு இல்லை எனலாம்!

இனி, இந்த இரண்டு ஒளிகளையும் பிரிக்க மனிதன் எப்படிக் கற்றான் என்பதைக் காண்போம்.

1808-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரில் எதியேன் லூயி மாலுஸ் என்ற பொறியாளர், நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் சென்று திரும்பியவர், ஒரு மாலைப்பொழுதில் தம் வீட்டிலிருந்து எதிரே இருந்த லக்சம்பர்க் அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சன்னல் கண்ணாடிகளில் அந்திச் சூரியன் பளபளத்தது. அவர் கையில் ஐஸ்லாந்துப் படிகம் என்னும் கால்சைட்டுத் துண்டு ஒன்று இருந்தது. அதன் வழியே பார்த்தால் எந்தப் பொருளும் இரண்டாகத் தெரியும். டென்மார்க்கைச் சேர்ந்த பார்த்தோலின் 1669-லேயே இதைக் கண்டு சொல்லியிருந்தார். ஏன் என்றுதான் விளங்கவில்லை. மாலுஸ் படிகத்தை விரல்களால் சுழற்றினார். சன்னலில் தெரிந்த இரண்டு சூரியன்களில் ஒன்று மங்கியது. மேலும் சுழற்ற, மற்றொன்று மங்கியது. நேராக வரும் சூரிய ஒளியில் இப்படி நிகழ்வதில்லை. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளியின் உடம்பில் ஏதோ ஓர் அடையாளம் விழுந்திருக்கிறது!

அது என்ன அடையாளம்? வலைக்கயிறு ஒன்றின் நுனியைக் கம்பத்தில் கட்டி, மறுநுனியைக் கையால் உதறுங்கள். மேலும் கீழும் உதறினால் அலை நெட்டாக ஓடும். பக்கவாட்டில் உதறினால் கிடையாக ஓடும். நடுவே நெருக்கமாக நட்ட மூங்கில் வேலி இருந்தால் நெட்டலை இடுக்கில் நுழைந்து போய்விடும். கிடையலை முட்டி நின்றுவிடும். சூரிய ஒளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்துள்ளன. நீரிலோ கண்ணாடியிலோ சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது கிடையதிர்வே மிகுதியாகத் திரும்புகிறது. ஓரே தளத்தில் அதிரும் இத்தகைய ஒளியைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம்.

ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் 1815-இல் இதற்கு ஒரு விதி கண்டார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பிட்ட படுகோணம் உண்டு. அந்தக் கோணத்தில் திரும்பும் ஒளி முழுவதும் கிடையதிர்வே. நீருக்கு இது 53 பாகை, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 57 பாகை. படகில் நிற்கும் உங்கள் கண் நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், உங்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளியுள்ள நீரிலிருந்து இவ்வொளி வருகிறது. 1828-இல் எடின்பரோவில் வில்லியம் நிக்கல் கால்சைட்டை வெட்டி ஒட்டி, ஒரே ஓர் அதிர்வை மட்டும் உள்ளே விடும் பட்டகம் ஒன்றைச் செய்தார். ஒளியை வடிகட்டும் மூங்கில் வேலி சட்டைப்பையில் அடங்கும் அளவில் கிடைத்துவிட்டது.

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கப்பலேறியவர் நம்மவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த சி.வி. இராமன் 1921-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்று, 'நர்குண்டா' என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். வயது 32. மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை விடவில்லை. கடலின் நீலம் என்பது வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதே, நீருக்கென்று அதில் பங்கில்லை என்று ரேலே பிரபு சொல்லியிருந்தார். வானம் ஏன் நீலம் என்பதையே விளக்கிய பேரறிஞர் அவர். அவர் வாக்கை மறுக்க யாருக்குத் துணிவு வரும்?

இராமன் செய்தது மிக எளிது. பிரதிபலிப்புத்தான் காரணமென்றால், பிரதிபலிப்பை நீக்கிவிட்டால் நீலமும் போய்விட வேண்டுமன்றோ? கப்பல் தளத்திலிருந்து புரூஸ்டர் கோணத்தை ஒட்டிக் கடலைப் பார்த்தார். நிக்கல் பட்டகத்தைச் சுழற்றினார். மேற்பரப்பின் பளபளப்பு மறைந்தது. நீலம் மறையவில்லை, மாறாக முன்னைவிட ஆழ்ந்து, நீருக்குள்ளிருந்தே பொங்கி வருவதுபோல் ஒளிர்ந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, 1921 செப்டம்பர் 26-ஆம் நாளிட்டு 'நேச்சர்' இதழுக்கு அவர் எழுதிய குறிப்பு அவ்வாண்டு நவம்பரில் வெளியாயிற்று. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற அந்த எண்ணத்தைத் தொடர்ந்து சென்றுதான், கே.எஸ். கிருஷ்ணனுடன் ஆராய்ந்து, 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவை வந்தடைந்தார். 1930-இல் நோபல் பரிசு. கடல் நீலத்தில் சிதறலுக்கு அவர் தந்த இடம் சற்று அதிகமே என்று இன்று சொல்லவேண்டும்; சிவப்பொளியை நீர் உறிஞ்சிக்கொள்வதுதான் பெருங்காரணம். ஆனாலும் நீலம் நீரின் உள்ளிருந்து வருகிறது என்ற அவர் முடிவு நிலைத்து நிற்கிறது. இரண்டு ஒளிகளைப் பிரித்துப் பார்த்ததன் பலன் இது.

கால்சைட்டுப் படிகம் விலை மிக்கது. மீனவருக்கும் மாணவருக்கும் எட்ட வேண்டுமானால் மலிவான வடிகட்டி வேண்டும். இங்கிலாந்தில் ஹெராபாத் என்ற மருத்துவரின் மாணவர், கொய்னா மருந்து உண்ட நாயின் சிறுநீரில் அயோடினைச் சொட்டியபோது நுண்ணிய பச்சைப் படிகங்கள் உண்டாயின. அவை ஒளியைத் தளவிளைவாக்குவதை ஹெராபாத் 1852-இல் வெளியிட்டார். (அறிவியலில் எந்தப் பொருள் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது!) அத்தகைய படிகங்களைப் பெரிதாக வளர்க்க முடியாமல் எல்லாரும் திணறினர். அமெரிக்க இளைஞர் எட்வின் லாண்ட், பெரிதாக வளர்ப்பானேன் என்று கருதி, கோடிக்கணக்கான நுண்படிகங்களை ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும்படி மெல்லிய தாளில் பதித்து, 1929-இல் உரிமம் கோரினார். இதுவே போலராய்டு. எதிரே வரும் மோட்டார் வண்டி விளக்கின் கூச்சத்தை ஒழிப்பதே அவர் கனவு. மோட்டார்க் கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. ஆனால் அதே தாள் கறுப்புக் கண்ணாடிகளில் ஏறி, உலகெங்கும் மீன்பிடிப்போர் முகத்தில் அமர்ந்துகொண்டது.

போலராய்டு கண்ணாடி திண்ணை மாணவிக்கு உதவுமா? பெரும்பாலும் உதவாது. திரையை நாம் நேராகப் பார்க்கிறோம். நேராகத் திரும்பும் ஒளியில் அந்த அடையாளம் விழுவதில்லை. அவளுக்கு வேறு வழி வேண்டும். அவ்வழி கறை பிடித்த பழைய கண்ணாடியிலிருந்து வந்தது. நாட்பட்டு மங்கிய கண்ணாடி புதியதைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதை 1886-இல் ரேலே பிரபுவே கவனித்திருந்தார். யார்க் நகரில் தொலைநோக்கி செய்த டென்னிஸ் டெய்லரும் பழைய வில்லைகளில் இதையே கண்டு, புதுக் கண்ணாடிக்கு வேண்டுமென்றே கறை ஏற்றும் முறைக்கு 1904-இல் உரிமம் பெற்றார். மங்கலான தோல் ஏன் ஒளிக்கு வழிவிட வேண்டும்? தோலின் மேற்பரப்பில் ஓர் எதிரொளி, அடிப்பரப்பில் மற்றோர் எதிரொளி. தோலின் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கானால், ஒன்றின் முகட்டில் மற்றதன் அகடு விழுந்து இரண்டும் அழிகின்றன. 1935-இல் ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா வெற்றிடத்தில் இத்தகைய பூச்சை ஏற்றினார். 1938-இல் அமெரிக்காவில் கேதரின் பிளாட்ஜெட் என்ற பெண் விஞ்ஞானி, ஒரு மூலக்கூறு தடிமனுள்ள சோப்புப் படலங்கள் 44-ஐ ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் ஏற்றி, அதன் எதிரொளியை ஏறக்குறைய இல்லாமலே செய்தார். விரலால் துடைத்தால் போய்விடும் என்பதே அதன் குறை. இன்றைய கடினப் பூச்சுகள் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனே உள்ளவை.

இனித் திரைக்குள்ளே நுழைவோம். மடிக்கணினித் திரை நீர்மப் படிகத்தால் ஆனது. இராமன் பிறந்த 1888-ஆம் ஆண்டில்தான் ஆஸ்திரியத் தாவரவியலார் ரைனிட்சர் நீர்மப் படிகத்தை முதலில் கண்டார். திரையில் இரண்டு தளவிளைவுத் தாள்களுக்கு நடுவே அது நின்று, ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பி, வேண்டிய இடத்தில் விட்டும் வேண்டாத இடத்தில் தடுத்தும் எழுத்தைக் காட்டுகிறது. இராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர் (விண்மீன்களை ஆராய்ந்த சந்திரசேகர் வேறு, அவர் இராமனின் சகோதரர் மகன்) 1977-இல் பெங்களூர் இராமன் ஆய்வுக்கழகத்தில் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் நீர்மப் படிகம் உண்டாகும் எனக் கண்டார். பக்கவாட்டில் பார்த்தாலும் படம் கெடாதிருக்கத் திரைகளில் ஒட்டப்பட்ட மென்படலங்கள் இவ்வகைப் பொருள்களால் பின்னர் செய்யப்பட்டன.

தொடக்கத்தில் மடிக்கணினித் திரைகள் பெரும்பாலும் சொரசொரப்பாகவே இருந்தன. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் பளபளப்புத் திரைகள் பரவின. கடை விளக்கொளியில் அவற்றில் வண்ணம் ஆழமாகத் தெரியும். வாங்குவோர் கடையில்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்! ஆப்பிள் நிறுவனம் 2008-இல் தன் 15 அங்குல மாக்புக் புரோ கணினியைப் பளபளப்புக் கண்ணாடியோடு மட்டும் வெளியிட்டு, 2009-இல் மறுபடியும் கூசாத திரையை, 50 டாலர் கூடுதல் விலையில், வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் சொரசொரப்பு ஒளியை அழிப்பதில்லை. கண்ணாடி போல் ஓரிடத்தில் விழும் பிம்பத்தைக் கலைத்து, திரை முழுதும் பனிமூட்டம் போல் பரப்புகிறது, அவ்வளவே. அறையில் இது பெரும் நிம்மதி. திறந்த வானத்தின் கீழ் கறுப்பு மீண்டும் சாம்பலாகிவிடும். மேலே ஒட்டும் மங்கல் தாளும் அப்படியே. எழுத்து சிறிது பொடிப்பொடியாகத் தெரிவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அழிக்க வல்லது கால் அலைப் பூச்சு ஒன்றே. அது எல்லாத் திரைகளிலும் இருப்பதில்லை.

அப்படியானால் திண்ணையில் என்ன செய்வது? படகின் ஓரத்தில் கண்டதை இப்போது நினைவுகூருங்கள். அங்கே நீர் எதிரொளிப்பதை நிறுத்திவிடவில்லை. வானத்துக்குப் பதில் படகின் கரிய பலகையை எதிரொளித்தது. கரியதன் எதிரொளி கரியதே. மாணவி ஏரிக்கு முதுகு காட்டி உட்காராமல், இருண்ட அறைக்கோ தார் பூசிய கதவுக்கோ முதுகு காட்டி, ஏரியைப் பார்த்து உட்காரட்டும். வெள்ளை உடைக்குப் பதில் அடர்நிறத் தாவணி நல்லது. திரையில் வானம் பட்டால் சற்று முன்னே சாய்த்து, தரையின் நிழல் பிம்பமாக விழும்படி செய்யலாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைத் தவிர்த்து, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தை வைத்துக்கொள்ளலாம். பிம்பம் கருமையில்தான் துல்லியமாகத் தெரியும்.

போலராய்டு கண்ணாடி கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். படகில் நின்று இரண்டு மீட்டர் தள்ளி நீரைப் பாருங்கள். கூச்சம் அடங்கி நீர் திறக்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்தால் பளபளப்பு திரும்ப வந்துவிடும். பிறகு அதே கண்ணாடியை மடிக்கணினித் திரைக்கு முன் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை அடியோடு இருண்டுபோகும். அப்போது திரையில் மிஞ்சியிருப்பது மேலிருந்து திரும்பிய ஒளி மட்டுமே. உங்கள் முகமும் உங்கள் பின்னால் இருக்கும் ஏரியும் தனியே, தெளிவாகத் தெரியும்.