சிகையலங்காரப் பள்ளியும் வாக்குரிமையும்

கல்லூரி என்றதும் நெடிய தூண்களும் நூல்நிலையமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தோன்றிய லீலியா கல்லூரியோ ஒரு சிறு தொழிற்பள்ளி. தலை கழுவுதல், மண்டைத்தோலைப் பேணுதல், சூடேற்றிய சீப்பினால் கூந்தலை ஒழுங்கு செய்தல் ஆகியனவே அங்குப் பாடம். கற்க வந்தோர் கறுப்பினப் பெண்கள். நேரில் வர இயலாதோர் 25 டாலர் செலுத்தி அஞ்சல்வழியும் கற்றனர்.

அதனை நிறுவிய மேடம் சி. ஜே. வாக்கர் 1867இல், அடிமைத்தளை நீங்கிய பெற்றோருக்கு லூசியானாவில் பிறந்தவர். பல்லாண்டு துணி வெளுத்துப் பிழைத்தவர். மகளின் பெயரையே பள்ளிக்கு இட்டார். அவர் தொடக்கத்தில் விற்றது ஆனி மலோன் அம்மையாரின் பொருள்களையே. அந்த மலோன் 1918இல் செயின்ட் லூயிஸ் நகரில் எழுப்பிய போரோ கல்லூரி, மண்டபமும் விடுதியும் உடைய பெருங்கட்டடம். நடை, உடை, பேச்சு ஆகியவற்றிலும் அங்குப் பயிற்சி உண்டு.

வெள்ளையரைப் போலத் தோன்றச் செய்யும் கலை இது என்று அந்நாளிலேயே பழித்தோர் உண்டு. அப்பழியில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இப்பள்ளிகளின் சான்றிதழ் வேறொன்றையும் தந்தது. வெளுப்பதற்கும் சமைப்பதற்கும் சென்ற பெண்ணின் கூலி வெள்ளை முதலாளியின் கையில் இருந்தது. சிகையலங்காரம் கற்றவளுக்கோ தன் இனத்துப் பெண்களே வாடிக்கையாளர். அவளை வேலையை விட்டு நீக்க எவராலும் இயலாது! 1917இல் பிலடெல்பியாவில் கூடிய வாக்கரின் முகவர்கள் இருநூற்றுக்கு மேற்பட்டோர், தம் இனத்தார்மீது நடந்த வன்கொலைகளைக் கண்டித்துக் குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி அனுப்பினர்.

ஆசிரியர் நிலையோ வேறு. தென் கரோலினாவில் செப்டிமா கிளார்க் என்னும் ஆசிரியை, கறுப்பின முன்னேற்றச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தமைக்காக 1956இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஏறத்தாழ 40 ஆண்டுப் பணியும் ஓய்வூதியமும் ஒருங்கே போயின.

அம்மாநிலத்தில் வாக்காளராகப் பதிய விரும்புவோர், அரசியல் சட்டத்தின் பகுதியொன்றைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதன்பொருட்டு ஜான்ஸ் தீவில் முதியோர்க்கு இரவுப் பள்ளி தொடங்கியபோது, கிளார்க்கும் துணைநின்றோரும் பயிற்சி பெற்ற ஆசிரியரை நாடவில்லை. நியூயார்க்கில் வாழ்ந்து திரும்பிய அழகுக்கலைஞர் பெர்னிஸ் ராபின்சனையே அழைத்தனர். பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நம்போன்றோர்க்கு இது சற்றே உறைக்கும். காரணம் கேட்கத் தக்கது: பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்தது, கல்லாதாரைத் தாழ்வாக நோக்கும் வழக்கம் இல்லை. அன்றியும், அவர் பிழைப்பில் கைவைக்க அரசால் முடியாது.

'நான் ஆசிரியையல்லேனே' என்று தயங்கியே ராபின்சன் இசைந்தார். 1957 சனவரி 7ஆம் நாள் முதல் வகுப்பு. கொண்டு சென்ற சிறுவர் பாடநூல்கள் வளர்ந்தோர்க்கு ஒவ்வா எனக் கண்டு ஒதுக்கிவைத்தார். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று அவர்களையே வினவினார். தம் பெயரை எழுத வேண்டும், பணவஞ்சல் படிவம் நிரப்ப வேண்டும், வாக்குப் பதிவுக்குரிய சொற்களைப் படிக்க வேண்டும் என்றனர். அவையே பாடத்திட்டமாயின.

1961 முதல் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் இப்பள்ளிகளை ஏற்றுத் தென் மாநிலங்களெங்கும் பரப்பியது. முதல் வகுப்பு நடந்ததோ ஒரு கடையின் பின்னறையில். முன்புறத்தில் மளிகைச் சரக்கு பரப்பி வைத்திருந்தனர், வெள்ளையர் கண்ணில் பள்ளி படாதிருக்கும் பொருட்டு.